போர் போடும் முன் ஒரு கணக்கு: ஆற்றைப் பார்த்து நிலத்தடி நீரை அளப்பது எப்படி?



ரமலான் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் அலுவலகத் தொலைபேசி ஓயாது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகள் பேசுவார்கள். "செக்ரட்டரி மாமா, அத்தா பேர்ல ஒரு போர் போட்டுடுங்க, பணம் அனுப்பிடுறேன்" என்பார்கள். தாகம் தீர்ப்பது சதக்கத்துல் ஜாரியா, நிலைத்து நிற்கும் தர்மம். தண்ணீர் ஊறும் காலமெல்லாம் நன்மை போய்ச் சேரும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். நாமும் போட்டுக் கொடுத்து வந்தோம்.

அப்படிப் போட்டவற்றில் ஒன்று முதல் கோடையில் நல்ல தண்ணீர் கொடுத்தது. இரண்டாம் கோடையில் அந்தத் தெருப் பெண்கள் "பருப்பு வேக மாட்டேங்குது" என்றார்கள். மூன்றாம் கோடையில் ஒளுச் செய்ய வாய் கொப்பளித்தபோதே கரித்தது. பணம் கொடுத்த தம்பி விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அங்கே அழைத்துப் போனேன். ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். கோபப்படவில்லை. "எவ்வளவு ஊறும், எத்தனை நாள் தாங்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இல்லையா மாமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து இடம் காட்டினார், அந்த இடத்தில் போட்டோம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் படித்ததையும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். போருக்கென்று வந்த பணத்தை இந்த ஆண்டு வேறு விதமாகச் செலவிட அறக்கட்டளை ஏன் சம்மதம் கேட்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

இருப்பு வேறு, வரவு வேறு

நம் அறக்கட்டளைக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். வங்கியில் உள்ள இருப்பு ஒரு வரி. ஆண்டு வரவு இன்னொரு வரி. இருப்பு நிறைய இருக்கிறதே என்று வரவுக்கு மேல் செலவு செய்தால் சில ஆண்டுகளில் கணக்கு காலியாகும். நிலத்தடி நீரும் அப்படித்தான். போர் போடும்போது பீறிட்டு வரும் தண்ணீர் இருப்பைக் காட்டுகிறது. மழையாலும் ஆற்றாலும் ஆண்டுதோறும் பூமிக்குள் இறங்கிச் சேரும் தண்ணீர்தான் வரவு. இதை நிலத்தடி நீர்ச் செறிவு என்கிறார்கள். தேங்காய் காட்டுவதாகச் சொல்வதுகூட இருப்பைத்தான். வரவைச் சொல்ல அதனால் ஆகாது.

வரவை நேரில் பார்க்க முடியாது. மண்ணுக்குள் இறங்கும் நீருக்கு மீட்டர் மாட்ட வழியில்லை. ஆகவே அறிஞர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றைக் கணிக்கிறார்கள். அதில் பழமையானதும் செலவு குறைந்ததும் ஆற்றின் நீரளவுப் பதிவு.

ஆற்றை அளந்து எழுதிவைக்கும் பழக்கம் புதியதன்று. கெய்ரோவில் ரவ்ளா தீவில் நைல் நதியின் உயரத்தை அளக்க முழக்கணக்கு வெட்டிய ஒரு கல்தூண் இருக்கிறது. அப்பாஸியக் கலீபா முதவக்கில் காலத்தில், கி.பி. 861இல் கட்டப்பட்டது. அந்த ஆண்டு வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்பதைப் பார்த்துத்தான் விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள். பிற்பாடு 1674இல் பிரான்சில் பியர் பெரோ என்பவர் சேன் நதியின் மேற்பகுதியில் பெய்த மழையையும் ஆற்றில் ஓடிய நீரையும் ஒப்பிட்டார். மழை ஆற்றைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. ஊற்றுக்கும் ஆற்றுக்கும் மழை மட்டும் போதாது, கடல்நீர்தான் பூமிக்கடியில் வந்து ஊறுகிறது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. மழையே போதும், மிச்சமும் உண்டு என்பதை அவர் எண்ணால் காட்டினார்.

மழை நின்றபின் ஓடும் தண்ணீர்

மழை இல்லாத மாசி, பங்குனியிலும் மலையோரத்து ஓடைகள் சிலவற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? மழைக்காலத்தில் மண் குடித்த நீர் மெல்ல மெல்லக் கசிந்து ஓடைக்கு வருகிறது. இதை அடி ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அடியில் சிறு ஓட்டை உள்ள மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை நிறைந்திருக்கும்போது வேகமாகச் சொட்டும். குறையக் குறைய மெதுவாகச் சொட்டும். சொட்டும் வேகம் எப்படிக் குறைகிறது என்று தெரிந்தால், பானைக்குள் பார்க்காமலே உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். இடையில் யாரோ ஒரு குடம் ஊற்றினால் சொட்டு வேகமாகும். எவ்வளவு வேகமானது என்பதைக் கொண்டு எவ்வளவு ஊற்றினார்கள் என்றும் சொல்லிவிடலாம். இங்கே மழைதான் குடம், நிலம்தான் பானை, ஓடைதான் ஓட்டை.

இதைச் சூத்திரமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க நில ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரோராபா. அவர் 1964இல் எழுதிய கட்டுரையை ஒட்டி வந்த முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மழையில்லாத காலத்தில் ஓர் ஓடையின் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய 60 நாள் ஆகிறது என்க. ஒரு பெரிய மழைக்குப் பின், இந்த 60ஐ 0.2144ஆல் பெருக்கி வரும் நாள், அதாவது ஏறத்தாழ 13ஆம் நாள், பூமிக்குள் இறங்கிய நீரில் பாதி ஓடைக்கு வந்திருக்கும், பாதி உள்ளே இருக்கும். மழை பெய்யாமலிருந்தால் அந்த நாளில் ஓட்டம் விநாடிக்கு 20 கன அடி இருந்திருக்கும். மழையால் 50 கன அடி இருக்கிறது. கூடுதல் 30. இதை 60ஆல் பெருக்கி 2.3ஆல் வகுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் பாதி கிடைக்கும். அதை இரட்டித்தால் அந்த மழை கொடுத்த முழு வரவு: ஏறத்தாழ 13.5 கோடி கன அடி. ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பு 250 சதுர கிலோமீட்டர் என்றால், அந்தப் பரப்பு முழுவதும் 15 மில்லிமீட்டர் நீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது.

எத்தனை எளிது! ஒரு கிணறும் தோண்டவில்லை. ஓடையின் தினசரி அளவு மட்டும் போதும். ஆனால் இந்த எளிமைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஓடை இயல்பாக ஓட வேண்டும். அணையோ மதகோ அதை நிறுத்தித் திறக்கக் கூடாது. இரண்டாவது, நிலத்திலிருந்து ஓடைக்கு நீர் வர வேண்டும். ஓடையிலிருந்து நிலத்துக்குப் போகக் கூடாது. மூன்றாவது, மழை அந்த நிலப்பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகப் பெய்ய வேண்டும். ஆகவே பரப்பு மிகப் பெரியதாக இருக்கக் கூடாது.

நம் முள்ளியாறு அப்படியா?

நம் ஊர் வழியே போகும் முள்ளியாற்றை இந்த மூன்று நிபந்தனைகளோடு நிறுத்திப் பாருங்கள்.

மேட்டூர் அணை 1934இல் வந்தது. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு மேலும் மேலும் கிளைவிட்டு, ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டர் வைத்துப் பங்கிடப்பட்டு, கடைமடையான நமக்கு வந்து சேர்கிறது. முறைப்பாசனம் வந்தால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. இங்கே ஆற்றின் ஏற்ற இறக்கம் மண்ணுக்குள் உள்ள நீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்த நாள் எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்கினார்கள் என்பதைத்தான் சொல்கிறது. 20 கன அடி 50 ஆனது மழையால் என்று எண்ணிச் சூத்திரத்தில் போட்டால், அது மதகைத் தூக்கியதன் கணக்காகிவிடும்.

இரண்டாவது நிபந்தனையும் இங்கே தலைகீழ். மலையோர ஓடை பள்ளத்தில் ஓடும். சுற்றியுள்ள நிலம் மேடு. டெல்டாவில் ஆறு தான் கொண்டுவந்த வண்டலை இருபுறமும் போட்டுப் போட்டுக் கரை உயர்த்திக்கொண்டு ஓடுகிறது. பல இடங்களில் வயல்தான் பள்ளம். அதனால் தண்ணீர் வரும் காலத்தில் ஆறு நிலத்துக்குக் கொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை மாறும். வயலில் நிற்கும் நீர் வடிகால் வழியே அதே ஆற்றில் விழும். நம் கடைமடை ஆறுகள் பல பாசனத்துக்கும் வடிகாலுக்கும் சேர்த்தே பயன்படுபவை. கடலுக்கு அருகே போகப்போக அலை ஏற்றத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே பிறநாட்டுச் சூத்திரம் தவறு என்று சொல்ல வரவில்லை. அது தன் நிலத்துக்குச் சரி. நம் நிலத்துக்கு ஆற்றை வேறு விதமாகப் படிக்க வேண்டும்.

மேலே போனதும் கீழே வந்ததும்

கொடுக்கும் ஆற்றுக்கு உள்ள கணக்கு எளிய கழித்தல். மேல் இடத்தில் எவ்வளவு போனது, கீழ் இடத்தில் எவ்வளவு வந்தது, இடையில் வாய்க்கால்கள் எவ்வளவு எடுத்தன, வெயில் எவ்வளவு குடித்தது? மிச்சம் மண்ணுக்குள் போனது.

இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு. 10 கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள ஓர் ஆறு. மேலே விநாடிக்கு 300 கன அடி விடுகிறார்கள். இடையில் வாய்க்கால் மதகுகள் 47 கன அடி எடுக்கின்றன. கீழே 230 கன அடி வருகிறது. வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்றாலும் இந்தப் பரப்பில் அது விநாடிக்கு ஒரு கன அடிக்கும் குறைவே, ஒன்றென்று வைப்போம். 300இலிருந்து 47, 1, 230 மூன்றையும் கழித்தால் 22 கன அடி. ஒரு கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் 24.5 லட்சம் லிட்டர். ஆக நாளொன்றுக்கு 5.4 கோடி லிட்டர் அந்த ஆற்றின் அடியிலும் கரையிலும் இறங்கியிருக்கிறது.

வெயில் குடிப்பதை நாம் பெரிதாகப் பேசுகிறோம். மண் குடிப்பது அதைவிடப் பல மடங்கு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இதோடு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆற்றின் ஓட்டத்தை அளப்பதில் நூற்றுக்கு ஐந்து பிசகுவது சாதாரணம். 300இல் ஐந்து சதவீதம் 15. 230இல் ஐந்து சதவீதம் 11க்கு மேல். மேலே கூட்டியும் கீழே குறைத்தும் அளந்துவிட்டால் பிழை மட்டுமே 26 கன அடி. நாம் கண்டுபிடித்த 22 முழுவதையும் அந்தப் பிழை விழுங்கிவிடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைக் காணும் எந்தக் கணக்கிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. பல நாள், பல பருவம் அளந்து சராசரி பார்க்க வேண்டும். அது மட்டும் போதாது. ஆற்றைச் சாராத இன்னொரு சாட்சியும் வேண்டும். அந்தச் சாட்சி கிணறு.

உச்ச நீதிமன்றம் வரை போன கணக்கு

இதெல்லாம் பொறியாளர்களின் வேலை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் ஆற்றுக்கு வரும் தண்ணீரின் அளவே இந்தக் கணக்கால் மாறியிருக்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைக்கப்பட்டு 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதன்படி கர்நாடகம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். டெல்டாவின் நிலத்தடியில் 20 டி.எம்.சி. நீர் பயன்படுத்தத்தக்கதாக உள்ளது என்று நடுவர் மன்றம் கண்டிருந்தாலும், பங்கீட்டில் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அந்த 20இல் 10 டி.எம்.சி.யைத் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் ஆபத்து என்பதை மனத்தில் கொண்டே 20 முழுவதையும் எடுக்காமல் 10இல் நிறுத்தியது. பெங்களூரு குடிநீருக்கான 4.75 டி.எம்.சி.யும் சேர்ந்து 14.75 குறைந்தது. 192 என்பது 177.25 ஆயிற்று.

10 டி.எம்.சி. என்றால் எவ்வளவு? ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. அந்த வீதத்தில் பத்து நாள் ஓடும் தண்ணீர்தான் 10 டி.எம்.சி.

தமிழ்நாட்டின் வாதம் என்னவென்றால், டெல்டாவின் நிலத்தடி நீர் தனி வருமானமன்று, ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் விட்ட தண்ணீர்தான் கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது என்பது. சட்டம் தீர்ந்துவிட்டது, தீர்ப்பைப் பற்றி வாதிட இந்த இதழ் இடமில்லை. ஆனால் அந்த வாதத்தில் உள்ள பாடத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தா மகனுக்குக் கொடுத்த நூறு ரூபாயை அத்தா கணக்கில் ஒருமுறையும் மகன் கணக்கில் ஒருமுறையும் எழுதி, வீட்டில் இருநூறு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆறு வராத ஆண்டில் கிணறு காப்பாற்றும் என்று நாம் நினைப்பதும் அதே பிழை. ஆறு வராவிட்டால் கிணற்றுக்கும் வரவு குறைந்துவிடுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதே, அந்தக் கோடை நினைவிருக்கிறதா? ஆறும் கிணறும் ஒன்றாகத்தான் கையை விரித்தன.

கிணறு சொல்லும் சாட்சி

நாடு முழுவதும் நிலத்தடி நீரைக் கணக்கிட மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு வகுத்த முறை ஒன்று உண்டு. 1984, 1997, 2015 என்று திருத்தப்பட்டு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிர்க்கா வாரியாக இதைச் செய்கிறார்கள். அதிலுள்ள சில அளவுகள் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

கிழக்குக் கடற்கரை வண்டல் நிலத்தில் பெய்யும் மழையில் 16 சதவீதம் கீழே இறங்கும் என்று அது வைக்கிறது. நம் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் என்றால் 192 மில்லிமீட்டர். ஆற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயலில், நிலத்தடி நீர் 10 மீட்டருக்குள் இருந்தால், பாய்ந்ததில் 50 சதவீதம் திரும்பக் கீழே சேரும் என்கிறது. தளம் போடாத வாய்க்காலில், மணலோடு களியும் கலந்த மண்ணானால், நனையும் பரப்பு பத்து லட்சம் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் வரை கசியும். குளம் குட்டையில் நீர் பரந்திருக்கும் பரப்புக்கு நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர். நாம் மேலே கண்ட கற்பனை ஆற்றுக்கு இந்த வாய்க்கால் அளவைப் போட்டால் 20 முதல் 28 கன அடி வரும். நம் கழித்தலில் வந்தது 22. இப்படி இரண்டு வழியில் வந்த எண்கள் ஒன்றையொன்று ஆதரித்தால் ஓரளவு நம்பலாம்.

ஆனால் இவை சராசரி அளவுகள். நம் கடைமடை மண் களிமண். சேறடித்து நடவு செய்த வயலின் அடித்தட்டு இறுகி நீரை எளிதில் விடாது. கார்த்திகையில் நிலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இடமில்லை. வடிகாலில் ஓடிக் கடலுக்குப் போகும். எனவே கிணற்றைக் கேட்க வேண்டும். ஆடியில் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தையும் மார்கழியில் அதே கிணற்றின் மட்டத்தையும் அளக்கிறோம். ஒன்றரை மீட்டர் ஏறியிருக்கிறது என்க. களி வண்டலில் நூற்றுக்கு ஆறு பங்கு இடத்தில்தான் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நீர் தங்கும் என்பது அந்தக் குழுவின் அளவு. ஒன்றரை மீட்டரில் ஆறு சதவீதம் 90 மில்லிமீட்டர். அதாவது ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் லிட்டர் வரவு. மழைக்கணக்கு மட்டும் 192 மில்லிமீட்டர் என்றது; இந்தக் கிணறு 90 என்கிறது. இரண்டில் குறைந்ததை நம்பிச் செலவு செய்வதே அமானிதத்தைக் காப்பவர்கள் செய்ய வேண்டியது.

கீழே காத்திருக்கும் உப்பு

நம் பகுதிக்கு இன்னொரு தடையும் உண்டு. கடலோரத்தில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலில் ஆடை மிதப்பதுபோல. நெதர்லாந்துக்காரரான கைபென், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். நாம் உறிஞ்சி மேலே ஓர் அடி இறக்கினால் கீழே உப்பு 40 அடி வரை ஏறிவர இடம் கொடுக்கிறோம். மண்ணில் பழங்கடல் விட்டுப்போன உப்பும் இருப்பதால் நம் ஊரில் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனால் போகும் திசை அதுவே.

அந்தத் தெருப் போருக்கு நடந்தது இப்போது புரிகிறது. தண்ணீர் வற்றவில்லை. நல்ல நீரின் வரவைவிட நாம் எடுத்தது அதிகம். குறைந்த இடத்தை உப்பு நிரப்பியது. இன்னும் ஆழமாகப் போட்டிருந்தால் உப்பை இன்னும் சீக்கிரம் தொட்டிருக்கலாம்.

இனி நாம் செய்ய இருப்பது

போருக்கென்று நிய்யத் வைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்காமல் மாற்ற நமக்கு உரிமையில்லை. அதனால் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பேசி வருகிறோம். சம்மதித்தவர்களின் பணத்தில் இந்த வேலைகள் நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

முதலாவது, அளப்பது. நம் மஹல்லாவில் நான்கு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதத்தில் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும், பஜ்ர் தொழுகை முடிந்ததும் மோட்டார் போடும் முன்பே, முடிச்சுப் போட்ட கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுவது. மோட்டார் ஓடியபின் அளந்தால் பொய்க்கணக்கு வரும். அதே நாளில் டி.டி.எஸ். மீட்டரால் உப்பையும் பார்ப்பது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வாய்க்கால் மதகில் அடி, அங்குலம் குறித்து வர்ணம் பூசி, தண்ணீர் வரும் நாளையும் உயரத்தையும் அதே நோட்டில் எழுதுவது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இதற்கு முன்வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, குளம். ஒரு ஏக்கர் குளத்தில் நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் இறங்கினால் 5,600 லிட்டருக்கு மேல். ஆண்டில் 200 நாள் தண்ணீர் நின்றால் 11 லட்சம் லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கின்படி ஐம்பது பேருக்கு ஓராண்டுக்கான நீர் அது. இறங்கியது முழுவதையும் திரும்ப எடுத்துவிட முடியாது. ஆனால் உப்பைக் கீழே தள்ளி வைக்கும் எடை அதுதான். போர் வரவில் ஒரு சொட்டும் கூட்டாது, எடுக்க மட்டுமே செய்யும். குளம்தான் வரவைக் கூட்டும். ஆகவே தூர்ந்துபோன வரத்து வாய்க்காலைச் சரிசெய்து, ஆற்றில் தண்ணீர் வரும் காலத்தில் குளத்தை நிரப்புவதே முதல் செலவு.

மூன்றாவது, கூரை நீர். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் எண்பது சதவீதத்தைப் பிடித்தால் 96,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உப்பு ஏறிய தெருக்களில் அதை மண்ணில் விடுவதைவிடத் தொட்டியில் சேமித்துச் சமையலுக்கு எடுப்பது மேல்.

போரே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மழைக்காலம் அளந்த நோட்டு கையில் இருக்கும்போது, எந்தத் தெருவில் எத்தனை அடிக்கு, எத்தனை பேருக்குப் போடலாம் என்று சொல்ல முடியும். அன்று அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்தமுறை அவர் விடுமுறையில் வரும்போது நோட்டை எடுத்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அவருடைய அத்தா பேரில் முதல் வேலையாக வரத்து வாய்க்கால் சுத்தம் செய்ய அவரே சம்மதம் தந்திருக்கிறார்.

கயிறு விட்டு அளக்கத் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தர விரும்புபவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சொல்லவும். பழைய கிணற்றில் எந்த ஆண்டு எத்தனை உறையில் தண்ணீர் நின்றது என்று நினைவுள்ள பெரியவர்கள், தாய்மார்கள் வந்து சொன்னால் அதையும் எழுதிக்கொள்வோம். அதுவும் இந்த நோட்டில் சேர வேண்டிய பதிவுதான்.

வஸ்ஸலாம்.
செயலாளர்